மொதல்ல சாக வேண்டிய புரோகிராம்

கண்ணுகளா, போன வாரம் நான் கம்பெனிப் பக்கம் வந்தப்ப உங்கள்ல ஒருத்தர் என்னையத் தொரத்திக்கிட்டு டீக்கடை வரைக்கும் வந்து ஒரு கேள்வி கேட்டாரு. "ஏனுங் சார், நம்ம பொட்டியிலேயே பார்க்க அழகா இருக்கறது ஷேடு கேமராதானுங்க. அதுக்குப் போயி ஆயிரம்னு போட்டு வெச்சிருக்குதுங்களே. மெமரி பத்தலைன்னா கெர்னல் மொதல்ல அதைத்தான் கொல்லுது. கஸ்டமருக்கெல்லாம் வருத்தமுங்க. அந்த ஆயிரத்தை எடுத்துப்போடலாமுங்களா?"

கேட்டவரு பேரைச் சொல்லமாட்டேன். கேட்டதுல தப்பும் இல்லை. வாய் நிறைய வடைய வெச்சுக்கிட்டு "பொறு கண்ணு, எழுதித் தாட்டறேன்"னு சொன்னேன். அதுதான் இது. கொஞ்சம் நீளமாப் போகும். ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன சோலி இருக்குது, படிங்க.

நேத்துத்தான் சேர்ந்தவிங்களும் இருக்கறீங்க, அதனால அடியில இருந்து சொல்லிடறேன். முதலிபாளையத்துல நம்ம கம்பெனி பண்றது சாயப்பட்டறை மெசினுக்கு ஒரு மூளை. சின்னக் கம்ப்யூட்டர் பொட்டி. அதுக்குள்ள அஞ்சாறு புரோகிராம் ஒண்ணா ஓடும். சாயம் ஓட்டறது ஒண்ணு, அதுதான் வால்வைத் தொறக்கும், சூடு பாக்கும், உப்பு, சோடாவை அளந்து ஊத்தும். ஆபரேட்டருக்குத் திரை காட்டறது ஒண்ணு. ஆபீசுக்கு ரிப்போர்ட் தாட்டறது, அதான் அனுப்பறது, ஒண்ணு. ஸ்டீம், கரண்ட் மீட்டர் படிக்கறது ஒண்ணு. அப்பறம் ஷேடு கேமரா. மெசின் கண்ணாடி வழியா உள்ள ஓடற துணியைப் பாத்து, கலர் எப்படி ஏறுதுன்னு திரையில படமாக் காட்டும். இத்தனை பேருக்கும் மெமரி பங்கு போட்டுக் கொடுக்கறது கெர்னல். அந்தக் கெர்னலைக் கட்டி மேய்க்கறதுதான் என்ற சோலியா இருந்துச்சு, இப்ப உங்க சோலி.

கெர்னல் நம்மூருக் கல்யாண வீடு மாதிரி. ஊருக்கெல்லாம் பத்திரிக்கை வெப்பாங்க, எலை பாதிப் பேருக்குத்தான் வாங்குவாங்க. எல்லாரும் ஒரே பந்திக்கு வரமாட்டாங்கங்கற தைரியம். நூத்துல ஒரு நாள் ஒறம்பரை, சொந்தக்காரங்க மொத்தமும் ஒண்ணா வந்து உக்காந்துட்டா, யாரையாச்சும் எழுப்பி அனுப்பித்தான் ஆகோணும். கெர்னலுக்கு அனுப்பறதுன்னா கொல்றது. பொதுவா யாரு அதிகமா மெமரி வெச்சிருக்கறாங்களோ அவிங்களைப் புடிக்கும். நாமளும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு எண்ணு எழுதி வெக்கலாம். ஆயிரம்னு போட்டா, "மொதல்ல இவனைக் கொல்லு"ன்னு அர்த்தம். மைனஸ் ஆயிரம்னு போட்டா, "வானமே இடிஞ்சு விழுந்தாலும் இவனைத் தொடாதே".

கொல்றதுக்குன்னு கெர்னல்ல இருக்கற கோடிங்கை மொதல் தடவை படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. இத்தனூண்டு. ஒருத்தரை அனுப்பினாப் போதும்னா ரெண்டு பேரைத் தொடாதே, இதுதான் அதோட மொத்தப் புத்தியும். எழுதுனவிங்க எந்தெந்த நாட்டுல உக்காந்து எழுதுனாங்களோ. சரியா வேலை செஞ்சா யாரும் கவனிக்க மாட்டாங்க, தப்பாப் போனா உலகமே திட்டும், அப்படி ஒரு சோலி. அதைப் பொறுமையா எழுதி, தங்களுக்குள்ள வருசக்கணக்காச் சண்டை போட்டு மெருகேத்தி வெச்சிருக்கறாங்க. என்னைக்காச்சும் நேரம் கிடைச்சா முழுசாப் படிங்க. எனக்கு அவிங்க மேல இன்னைக்கும் பெரிய மரியாதை.

அந்த மரியாதைய நம்ம ஆபீசு காப்பாத்துச்சா, அதான் கதையே.

ஒரு வெள்ளோட்டத்துல, தண்ணி மட்டும் ஓட்டிப் பாக்கறப்ப, மெமரி தீந்து கெர்னல் சாயப் புரோகிராமையே கொன்னுப்போடுச்சு. துணி இல்லை, நட்டமில்லை. ஆனா அதை எழுதுன பெரியவரு பதறிப்போயிட்டாரு. நம்ம டீமுக்கே அவருதான் தலை. அடுத்த நாளே தன்ற புரோகிராமுக்கு மைனஸ் ஆயிரம் போட்டாரு. நாயமுங்க. திரை எழுதுனவரு அதைப் பாத்தாரு. "திரை போச்சுன்னா ஆபரேட்டரு என்னையத்தானுங்க வைவாங்க"ன்னு அவரும் ஒண்ணு போட்டுக்கிட்டாரு. ரிப்போர்ட்டுக்காரரு, மீட்டர்க்காரரு, ஆளுக்கொண்ணு. கேமராவுக்குச் சேல்ஸ் மேனேஜரே வந்து நின்னு போட வெச்சாரு, அதைக் காட்டித்தான் அவரு பொட்டி விக்கறதே.

நம்மூருப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வரப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும், "ஏனுங்க, சௌக்கியமுங்களா"ன்னு கேட்டுப்போட்டுத்தான் விசயத்துக்கே வருவோம். மனுசருக்கு மனுசர் அது நல்ல பழக்கம், நான் கொறை சொல்லமாட்டேன். ஆனா அன்னைக்கு அந்த மரியாதை மொத்தமும் பொட்டிக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. இன்னொருத்தரு போட்ட நம்பரை "எதுக்குங்க"ன்னு கேக்கறது மரியாதையில்லைன்னு யாருமே கேக்கலை.

கேட்டது ஒரே ஒரு ஆளு. கேமரா எழுதுன புள்ள.

அதோட பேரும் சொல்லமாட்டேன், சொன்னா போன்ல கூப்பிட்டு என்னைய வெளுத்துப்போடும். எங்களுக்குள்ள தூத்துக்குடிப் புள்ளன்னு சொல்லுவோம், நேர்ல மேடம்னு கூப்பிடுவோம். அப்பா அம்மா அந்தப் பக்கத்துல இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவிங்க. அம்மா துணி செக்கிங்ல இருந்தாங்க. புள்ள இங்கயே வளந்துச்சு, ஆனா பேச்சு மட்டும் திருப்பூரு தண்ணியில கரையலை. நம்ம 'ங்க' ஒண்ணு கூட ஒட்டாது. நாம சுத்தி வளைச்சுப் போற எடத்துக்கு அது நடுவால ஏறிக் குதிச்சுப் போயி நிக்கும். மொதல்ல எனக்கு அது கொஞ்சம் உறுத்துச்சு. அப்பறம் பழகிடுச்சு. அப்பறம் அது இல்லாத மீட்டிங்ல எனக்குத் தூக்கம் வர ஆரம்பிச்சுது.

ஒரு நாள் மீட்டிங்ல எந்திரிச்சு, "எல்லாரும் சாவ மாட்டோம்னு எழுதி வச்சாச்சு. அப்ப மெமரி தீந்தா யாருதான் சாவுறது?"ன்னு கேட்டுச்சு. பெரியவரு சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். டீ வந்துச்சு. "பாத்துக்கலாமுங்க"ன்னு முடிச்சாச்சு. நம்மூருல இருக்கறதுலயே ஆபத்தான வார்த்தை எதுன்னு கேட்டா, நான் அந்தப் பாத்துக்கலாமுங்கவைத்தான் சொல்லுவேன்.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன்.

அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறை, ஒரு அம்மா நடத்தறாங்க. தோட்டத்தை ஒட்டிப் போட்ட பட்டறை, வேலை நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. நடுவுல ஒரு பெரிய எக்ஸ்போர்ட்டர், ஷேடு ஒரே மாதிரி வரலைன்னு வேலை மொத்தத்தையும் வேற பட்டறைக்கு மாத்திட்டாரு. பாதி மெசின் சும்மா நின்னுச்சு. அந்த அம்மா விடாம நடந்து நடந்து கேட்டு, ஒரே ஒரு லாட்டு, ஒரு மெசின் துணி, வாங்கிட்டு வந்தாங்க. நேவி ப்ளூ. இது திட்டுத் திட்டா இல்லாம ஒரே கலரா வந்தா வேலை திரும்ப வரும். வரலைன்னா, நிக்கற மெசினையெல்லாம் வித்துப்போட்டுப் பட்டறையச் சுருக்கிக்கோணும். அந்த லாட்டுக்காகத்தான் நம்ம பொட்டியவே மாட்டினாங்க.

காலையில போன் வந்துச்சு. "ஏனுங் சார், உங்க பொட்டி தானா அணைஞ்சு தானா எந்திரிக்குதுங்க." துணியை வெளுக்கற நேரத்துல நடந்திருக்குது, அதனால கெடுதல் ஒண்ணும் இல்லை. ஆனா சாயம் போடறப்ப அப்படி ஆனா? நான் அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கம்பெனி வேன்ல கிளம்பினேன். போற வழியில போனைப் போட்டு, "நாங்க வர்ற வரைக்கும் நேவிய ஆரம்பிக்காதீங்க"ன்னு சொல்லச் சொல்லி அது என்னைய நச்சரிச்சுது. நான் கூப்பிட்டேன், யாரும் எடுக்கலை. சாயப்பட்டறைச் சத்தத்துல போனு எங்க கேக்கும்.

போயிச் சேர்ந்தப்ப நேவி மெசினுக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. வெளுத்து முடிச்ச துணியக் காயப் போட்டு வெக்க முடியாது, அடுத்த ஸ்டெப்புக்குத்தான் போவாங்க. சாயம் ஏறி முடிஞ்சு சோடா ஊத்த ஆரம்பிச்சிருந்துச்சு.

சோடா எதுக்குன்னு தெரியாதவிங்களுக்கு: சாயம் துணியில நிரந்தரமா ஒட்டறதே சோடா போறப்பதான். அதைச் சொட்டுச் சொட்டா, ஒரே சீரா விடோணும். நடுவுல நின்னாலோ மொத்தமாக் கொட்டினாலோ அங்கங்க திட்டு விழும். நேவியில விழுந்த திட்டை மறைக்கக் கறுப்புத்தான் அடிக்கோணும். இந்த எக்ஸ்போர்ட்டர் கறுப்புக் கேக்கலை.

மெசினுக்கு முன்னால அந்த அம்மா நின்னாங்க. பக்கத்துல எக்ஸ்போர்ட் கம்பெனி ஆளு ஒருத்தரு, கையக் கட்டிக்கிட்டு, கண்ணைத் திரையில வெச்சுக்கிட்டு. திரையில நம்ம ஷேடு கேமராப் படம் வெகு அழகா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவரு தலையத் தலைய ஆட்டினாரு. அம்மா மொகத்துல ரொம்ப நாளைக்கப்பறம் ஒரு தெளிவு.

அந்தப் புள்ள லேப்டாப்பை ஒரு டிரம் மேல வெச்சு வயரைச் சொருகிக் காலையில பொட்டி ஏன் விழுந்துச்சுன்னு, அது நடந்ததையெல்லாம் எழுதி வெக்கற லாக்கு நோட்டைப் பாத்துச்சு. கெர்னல் கடைசியா எழுதுன வரி இருந்துச்சு. மெமரி இல்லை, கொல்றதுக்கும் யாரும் இல்லை. அவ்வளவுதான், அதுக்கப்பறம் அது மயக்கம் போட்டு விழுந்திருக்குது. தேடித் தேடிப் பாத்திருக்குது பாவம், ஒவ்வொருத்தர் கழுத்துலயும் "என்னைத் தொடாதே"ன்னு தாயத்து. கடைசியில வீட்டையே இழுத்து மூடிப்போட்டுது.

"அன்னைக்கு மீட்டிங்ல சிரிச்சியள்லா, இப்ப பாருங்க"ன்னு அந்தப் புள்ள என்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. அதுக்கே நான் அந்தப் புள்ளைக்குக் கும்பிடு போடோணும்.

அடுத்து இப்ப ஓடறதைப் பாத்துச்சு. மொகம் மாறிப்போச்சு. மெமரி கண்ணு முன்னால கொறஞ்சுக்கிட்டே போகுது. திங்கறது யாருன்னு பாத்தா, சாயப் புரோகிராமேதான். காலையில வெளுக்கறப்ப காரம் ஊத்துன மாதிரி, இப்ப சோடா ஊத்தற மாதிரி, எதையாச்சும் அளந்து ஊத்தற நேரத்துல மட்டும் அது வாங்குன மெமரியத் திருப்பிக் கொடுக்காம சேத்துக்கிட்டே போகுது. கணக்குப் போட்டுப் பாத்தா, சோடா முடியறதுக்கு முன்னாலயே மெமரி முடிஞ்சுரும்.

இந்த எடத்துல நீங்க நிக்கறதா நெனைச்சுக்குங்க. நோயாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நோயாளியக் கொல்லவும் கூடாது. கொன்னு மறுபடி ஆரம்பிச்சா சாயப் புரோகிராம் அந்த ஸ்டெப்பை அடியில இருந்து ஆரம்பிக்கும், ஊத்துன சோடாவையே மறுபடி ஊத்தும். விட்டாலோ பொட்டியே விழுந்து சோடா பாதியில நிக்கும்.

நான் கெர்னல்காரன், கெர்னல்காரனாட்டத்தான் யோசிச்சேன். "மத்தவிங்க மைனஸ் ஆயிரத்தையெல்லாம் இப்பவே எடுத்துப்போடலாம் மேடம். சாயத்துக்கு மட்டும் இருக்கட்டும். மெமரி தீர்றப்ப கெர்னலே ஒவ்வொருத்தரா அனுப்பிக்கும்." சரியான பதிலுங்க அது. பரிட்சையில எழுதுனா மார்க்குப் போடுவாங்க.

அது லேப்டாப்புல இருந்து கண்ணை எடுக்காம சொல்லுச்சு: "கெர்னல் கடைசி வரைக்கும் பொறுத்துப் பாக்கும் சார். அது கொல்லுததுக்கு முன்னால பொட்டி கெடந்து திணறும். எல்லாமே அப்பிடியே நின்னு நின்னு போவும். அந்தத் திணறல்ல சோடா வால்வு தொறந்தபடி நின்னுட்டுன்னா? தண்ணி கழுத்துக்கு வாரவரை நிக்க வேண்டாம். இடுப்பளவுல இருக்கும்போதே நாமளே எறக்கிருவோம்."

எனக்கு இது தெரியாத விசயமில்லை. படிச்சதுதான். ஆனா அந்தச் சத்தத்துல, அந்த நீராவியில, அந்த ஆளு கையக் கட்டிக்கிட்டு நிக்கறப்ப அது எனக்கு ஞாபகம் வரலை. அந்தப் புள்ளைக்கு வந்துச்சு. தெரிஞ்சு வெச்சிருக்கறது ஒண்ணு, வேணுங்கறப்ப கைக்கு வர்றது ஒண்ணு. ரெண்டாவதைத்தான் நான் திறமைன்னு சொல்லுவேன்.

"எதைங்க மொதல்ல?"ன்னு கேட்டேன்.

"கேமரா."

சாயத்துக்கு அடுத்தபடியா அதிகம் திங்கறது கேமராதான், நாயம்தான். ஆனா அது அந்தப் புள்ளையோட உசுரு. நீராவிக்கு நடுவுல கண்ணாடி வழியா கலரைப் புடிக்கறதுன்னா சும்மாவா. கண்ணாடி வேர்த்தா படம் போயிரும், துணி திரும்பினா நெழல் விழும். எத்தனை சாயங்காலம் சோறு தண்ணி இல்லாம ஏதோ ஒரு பட்டறையில நின்னு எழுதுனதுன்னு கூட இருந்து பாத்தவன் நான். அதுவும் இப்ப, பாக்க வேண்டிய ஆளு பாத்துத் தலையாட்டிக்கிட்டு இருக்கற நேரம்.

"அந்த ஆளு பாத்துட்டு இருக்கறாருங்க"ன்னு மெதுவாச் சொன்னேன்.

"அவரு பாக்க வந்தது துணிய சார். என் படத்தையில்ல."

அப்பறம் அது நேரா அந்த அம்மாகிட்டப் போச்சு. சுத்தி வளைக்கலை, சௌக்கியம் கேக்கலை. "பொட்டி கொஞ்ச நேரத்துல விழுந்துரும்மா. தப்பு எங்க புரோகிராம்லதான். சோடா முடியுத வரைக்கும் அதைத் தாக்காட்டி ஓட வைக்கணும்னா மத்த எல்லாத்தையும் நான் நிறுத்தணும். படம் போவும், திரையும் போவும். உங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. என் லேப்டாப்புல மட்டும் தெரியும். நிறுத்தட்டுமா?"

எக்ஸ்போர்ட் ஆளு கையக் கட்டுனதை அவுத்தாரு. "பொட்டி நல்லாத்தானே ஓடுது, இப்ப எதுக்குக் கையை வெக்கறீங்க?"ன்னாரு. நாயமான கேள்விதான். அவரு கண்ணுக்கு முன்னால எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு.

அந்த அம்மா அவரையும் பாத்தாங்க, திரையையும் பாத்தாங்க. அவிங்க எடத்துல நான் இருந்தா அந்தப் புள்ளைய வெளிய போகச் சொல்லியிருப்பேன், ஒளிவு மறைவில்லாம சொல்றேன். நல்லா ஓடற மாதிரித் தெரியற ஒண்ணை, விழப்போகுதுன்னு வந்து ஒருத்தர் சொன்னா எவரு நம்புவாங்க. அதுவும் பட்டறையே அதுல தொங்கறப்ப.

"ஏங் கண்ணு, இருட்டுல ஓட்டறதுங்களா?"ன்னு கேட்டாங்க.

"ஆமாம்மா. சூட்டை மட்டும் மெசின்ல இருக்குத முள்ளு மீட்டர்ல பாத்துக்கலாம்."

அம்மா திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னாங்க. "தப்பு எங்களுதுன்னு வாயத் தொறந்து சொல்ற ஆளை இத்தனை வருசத்துல இப்பத்தான் பாக்கறேன். செய்யி சாமி."

மொதல்ல கேமரா. படம் அப்படியே கறுத்துச்சு. ரிப்போர்ட், மீட்டர். கடைசியாத் திரை. மெசின் மூஞ்சி மொத்தமும் இருட்டாப் போச்சு. எக்ஸ்போர்ட் ஆளு ரெண்டடி பின்னால போயி யாருக்கோ போன் போட்டாரு. என்ன சொன்னாருன்னு சத்தத்துல கேக்கலை, கேக்காததே நல்லதுன்னு நெனைச்சேன்.

அதுக்கப்பறம் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை. அதுதான் கொடுமை. வடக்கத்தி ஆபரேட்டர் ஒருத்தரு மெசின் மேல ஏறி முள்ளு மீட்டருக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஸாட் மேடம், ஸாட்"னு கத்திக்கிட்டே இருந்தாரு. இந்தியில ஸாட்னா அறுபது. நேவிக்கு அந்தச் சூடு அப்படியே நிக்கோணும். லேப்டாப்புல சோடா ஒரு கோடா ஏறுது, மெமரி ஒரு கோடா எறங்குது. அம்மா எங்களுக்குப் பின்னால வந்து நின்னு ரெண்டு கோட்டையும் பாத்தாங்க. எது நல்லது எது கெட்டதுன்னு அவிங்களுக்கு யாரும் சொல்லித் தரலை, தானாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்தப் புள்ளையோட தோள்ல கைய வெச்சாங்க, எடுக்கவே இல்லை.

நடுவுல நான் ஒண்ணு சொன்னேன், "இன்னும் என்னத்தையாச்சும் நிறுத்தலாமுங்களா"ன்னு. "நிறுத்துததுக்கு இனி நாம ரெண்டு பேருதான் சார் இருக்கோம்"னு சொல்லுச்சு. அந்த நெலமையிலயும் அதுக்குக் குசும்பு. அம்மா சிரிச்சுப்போட்டாங்க. நானும் சிரிச்சேன், மூச்சு வந்துச்சு.

மெமரிக் கோடு அடியத் தொடப் போற நேரத்துல சோடாக் கோடு மேல போயி நின்னுச்சு. சோடா ஸ்டெப்பு முடிஞ்சுது. இனி கொஞ்ச நேரம் அதே சூட்டுல சும்மா சுத்தறதுதான். அந்தப் புள்ள உடனே அந்த எடைவெளியில சாயப் புரோகிராமை நிறுத்தி, அடுத்த ஸ்டெப்புல இருந்து எழுப்பி விட்டுச்சு. தின்ன மெமரி மொத்தமும் திரும்ப வந்துச்சு. அப்பறம் திரை வந்துச்சு, மீட்டர் வந்துச்சு. கேமராவைக் கடைசியாத்தான் எழுப்புச்சு.

துணி வெளிய வந்து, சாம்பிள் வெட்டி, அலசி, காய வெச்சு, ஷேடு பாக்கற லைட்டுக்கடியில வெச்சாங்க. எக்ஸ்போர்ட் ஆளு இந்த முனையத் தூக்கிப் பாத்தாரு, அந்த முனையத் தூக்கிப் பாத்தாரு, நடுவுல மடிச்சுப் பாத்தாரு. எங்கயும் திட்டு இல்லை. சாம்பிளை மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு, "அடுத்த லாட்டு எப்பங்க போடலாம்?"னு அம்மாகிட்டக் கேட்டாரு. அம்மா முந்தானையில மொகத்தைத் தொடைச்சுக்கிட்டாங்க. நீராவின்னு சொன்னாங்க. நாங்களும் நீராவின்னே வெச்சுக்கிட்டோம்.

சாயப் புரோகிராம்ல இருந்த ஓட்டையை அடைச்சது பெரிய சோலியில்லை, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது அதுக்கடுத்த மீட்டிங்கை.

யாரையும் குத்திக் காட்டலை அந்தப் புள்ள. லாக்குல இருந்த அந்தக் கடைசி வரியச் சொவத்துல போட்டுக் காட்டுச்சு. அப்பறம் எல்லாரையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "உங்க புரோகிராம் செத்தா உங்களுக்கு என்ன ஆவும்னு கேக்கல. பட்டறையில நிக்குத அந்த அம்மாவுக்கு என்ன ஆவும்? அதை மட்டும் சொல்லுங்க."

ரிப்போர்ட் செத்தா? ஒண்ணும் ஆகாது, அப்பறமா வரும். மீட்டர்? ஒண்ணும் ஆகாது. திரை? கொஞ்சம் வெசனம், ஆனா துணி பொழைச்சுக்கும். சுத்தி எல்லாரும் சொல்லி முடிச்சாங்க. யாரு மொதல்ல எறங்கறதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ள எந்திரிச்சுப் போர்டுக்குப் போயி, தன்ற கேமராவுக்கு நேரா மைனஸை அழிச்சு ஆயிரம்னு எழுதுச்சு. சேல்ஸ் மேனேஜர் துள்ளிக் குதிச்சாரு. "அதைக் காட்டித்தானே மேடம் விக்கறோம்?"னாரு. "காட்டித்தான் விக்கோம். ஆனா அவங்க வாங்குதது துணிய காப்பாத்துததுக்கு"ன்னு சொல்லிப்போட்டு உக்காந்துக்கிச்சு.

அதுக்கப்பறம் மத்தவிங்க தன்னால எறங்குனாங்க. கடைசியாப் பெரியவரு எந்திரிச்சாரு. அவரை நான் இந்த எடத்துல பாராட்டியே ஆகோணும். வயசுல பெரியவரு, பொட்டியவே பெத்தவரு. "என்ற புரோகிராம் முழுசும் சாகாம இருக்க வேண்டியதில்லீங்க. வால்வைப் புடிச்சிருக்கற கைய மட்டும் தனியா வெட்டி வெச்சுக்கலாம். அதுக்கு மட்டும் காப்புப் போதும். மிச்சம் போனாப் போகட்டும்"னாரு. அந்தச் சின்னக் கைதான் இன்னைக்கு நம்ம பொட்டியில மைனஸ் ஆயிரம் வெச்சிருக்கற ஒரே புரோகிராம். நீங்க பாத்திருப்பீங்க, பத்துப் பக்கம் கூட இருக்காது. அதை அவரு எத்தனை கவனமா எழுதியிருக்காருன்னு பாருங்க. கெர்னலுக்கு நாம திருப்பிக் கொடுத்த மரியாதை அது.

நான் ரிட்டயர் ஆனதுக்கப்பறம் ஒரு தடவை அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். நிக்கற மெசின் ஒண்ணு கூட இல்லை. அம்மா டீ சொல்லிப்போட்டுப் பேசிக்கிட்டு இருந்தாங்க. புதுசா ஒரு பையர், துணி வாங்கற கம்பெனி ஆளு, வந்து சுத்திப் பாத்துக்கிட்டு இருந்தாரு. திரையில ஷேடு கேமராப் படம் ஓடிக்கிட்டே இருந்தது டக்குனு போயிடுச்சு. அவரு பதறி, "என்னங்க, போச்சு?"ன்னாரு. எனக்குக் கை பரபரத்துச்சு. அந்த அம்மா டம்ளரைக் கூடக் கீழ வெக்கலை.

"வெசனப்படாதீங்க. அது என்ற தூத்துக்குடிப் புள்ள பண்ணி வெச்சது. துணிக்கு ஆபத்துன்னா மொதல்ல அது எறங்கிக்கும்"னாங்க.

அந்தப் புள்ள இப்ப வேற ஊருல பெரிய எடத்துல இருக்குது. நல்லா இருக்கட்டும். கேமராவுக்கு எழுதுன கோடிங்ல அந்த ஆயிரத்துக்குப் பக்கத்துல அது தமிழ்லயே ஒரு வரி எழுதி வெச்சிருக்குது, நீங்க பாத்தீங்களோ என்னமோ: "இது எனக்குப் பிடிச்ச புரோகிராம். இது முதல்ல போகட்டும்."

அதனால கேட்ட கண்ணு, உனக்குப் பதில் இதுதான். பொட்டி உங்க கையில இருக்குது, ஆயிரத்தை எடுக்கோணும்னா எடுங்க. ஆனா வெறுமனே எடுத்துப்போட்டுப் போயிராதீங்க. அதுக்குப் பதிலா எது மொதல்ல சாகோணும்னு அந்த எடத்துலயே எழுதிப்போட்டு எடுங்க. எழுதறப்ப, நீங்க ராப்பகலா உக்காந்து எழுதுன புரோகிராம் எதுவோ, மொதல்ல சாகறது அதா இருக்கலாமான்னு அதுல இருந்து ஆரம்பிச்சுப் பாருங்க.